கல்லை எண்ணினர், ஆளை எண்ணினரா?

கல்லை எண்ணியிருக்கிறார்கள், தோழர்களே! கடலுக்குள் நிற்கும் கல்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, 1,969 என்று கணக்கு முடித்து, ஏட்டிலே எழுதி, உலகுக்கே அறிவித்திருக்கிறார்கள்!

வியத்நாம் நாட்டின் வடகிழக்கு மூலையில், சீன எல்லைக்குச் சற்று தெற்கே இருக்கிறது ஹா லாங் விரிகுடா. பரப்பு 1,553 சதுர கிலோமீட்டர். அதற்குள் 1,969 தீவுகள். தீவு என்றதும் தென்னந்தோப்பும் மணல்மேடும் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலானவை, கடலைப் பிளந்துகொண்டு செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். தலையிலே பச்சைப் புதர், இடுப்பிலே வெண்சாம்பல் நிறம், காலடியிலே அலை. அழகுக்காக 1994-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. நில அமைப்பின் அருமைக்காக 2000-இல் மறுபடியும் சிறப்புச் செய்தது. 2023-இல் பக்கத்திலுள்ள காட் பா தீவுக்கூட்டத்தையும் சேர்த்து எல்லையை விரித்தது.

கல்லுக்குக் கணக்கு உண்டு, பட்டயம் உண்டு, பாதுகாப்பு உண்டு. அந்தக் கற்களின் நடுவே படகிலே பிறந்து, படகிலே மணந்து, படகிலே நரைத்த மக்கள் இருந்தார்களே, அவர்களுக்கு? அதற்கு வருவோம். முதலில் படகேறுவோம், வாருங்கள்!

காலையில் ஹானோயை விட்டுக் கிளம்பிய பேருந்து இரண்டரை மணி நேரத்தில் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. 2018-இல் விரைவுச் சாலை திறக்கும் முன் இதைவிட நெடுநேரம் பிடிக்குமாம். துறையிலே வரிசை வரிசையாக வெள்ளைப் படகுகள். எல்லாம் ஏன் வெள்ளை? மாகாண அரசின் ஆணை, 2012 முதல்! பழைய மரப்படகின் பழுப்பு நிறம் பார்க்க நன்றாக இருந்தது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆணைக்கு முன் முணுமுணுப்பு எடுபடுமா?

படகிலே பல நாட்டவர். ஒருநாள் உலா. சோறும் உண்டு, குகையும் உண்டு, மலையும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு, மாலைக்குள் மறுபடி கரையும் உண்டு. வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையிலே ஒலிபெருக்கி, முகத்திலே புன்னகை, மனத்திலே மனப்பாடம். அந்தப் பெண்ணை நாம் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அதே பாறையை, அதே புன்னகையோடு, முதன்முறை காண்பவள் போலக் காட்ட வேண்டும் என்றால், அது எளிய வேலையா? ஆலையில் ஒரே திருகைத் திருகும் தோழர்களுக்குத் தெரியும் அந்த அலுப்பு.

"ஹா லாங் என்றால் இறங்கி வந்த டிராகன் என்று பொருள்" என்று தொடங்கினாள். பகைவர் கடல்வழி படையெடுத்து வந்தபோது, வானுலகத் தாய் டிராகன் தன் குஞ்சுகளோடு இறங்கி வந்து மணிமணியாய் உமிழ்ந்ததாம். உமிழ்ந்த மணிகள் எல்லாம் பாறைகளாகி, பகைவர் கப்பல்களின் வழியை மறித்தனவாம்! கேட்டோம், சிரித்தோம். சிரித்துவிட்டு நெருங்கிப் பார்த்தோம், பாறையை.

இது கடலடியிலே உயிரினங்களின் ஓடும் சிப்பியும் படிந்து படிந்து இறுகிய கல். முப்பது கோடி ஆண்டுக்கு முன் தொடங்கிய படிவம், பல இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் கனம். நம் ஊர்க் காளவாயில் வெந்து சுண்ணாம்பாகிறதே, அதே இனம்தான். பிறகு நிலம் உயர்ந்தது, கல் வெளியே வந்தது. மழை பெய்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவாயுவைக் கலந்துகொண்டு மெல்லிய புளிப்பாக மாறுகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு வழியே இறங்கி, வெடிப்பைப் பிளவாக்கி, பிளவைப் பள்ளமாக்கி, பள்ளத்தைப் பள்ளத்தாக்காக்கி, எஞ்சியதைத் தூணாக நிறுத்தியது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரைப்பு. கடைசியாகப் பனிக்காலம் முடிந்து, பனி உருகி, கடல்மட்டம் உயர்ந்தபோது, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான், பள்ளத்தாக்கிலே கடல் புகுந்தது. குன்றின் தலைகள் தீவுகளாயின. டிராகனுக்கு வேலையே இல்லை! துளிதான் செய்தது, தோழர்களே, துளி! சலிக்காமல், ஓயாமல், ஒன்றின்பின் ஒன்றாக விழுந்த துளி!

பாறையின் அடியைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. நீர்மட்டத்தில் உள்வாங்கி, யாரோ வாயால் கடித்தாற்போல் ஒரு வரி. இந்தக் கடலிலே, பெரும்பாலான கடல்களைப் போலன்றி, நாளைக்கு ஒரே ஒருமுறைதான் நீர் ஏறி இறங்கும். சில நாள்களில் மூன்று, நான்கு மீட்டர்வரை கூட ஏறும். ஏறி இறங்கும் நீர், அடியை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த ஏற்றவற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், பகைவரை மறித்தது எது என்ற கேள்விக்கு விடை அதிலே இருக்கிறது. 1288-ஆம் ஆண்டு. குப்ளாய் கானின் மங்கோலியப் பெரும்படை. மேற்கே பாக் டாங் ஆற்று முகத்திலே வியத்நாமியத் தளபதி டிரான் ஹுங் டாவோ, கூர் சீவிய மரக்கழிகளை ஆற்றடியில் நடச் செய்தார். நீர் ஏறியிருக்கும்போது பகைவர் கப்பல்களை உள்ளே வரவிட்டார். நீர் வற்றத் தொடங்கியதும் திருப்பித் தாக்கினார். கழிகளிலே சிக்கிக் கிழிந்தது கப்பற்படை. அந்தக் கழிகளைப் பதுக்கி வைத்த இடம் என்று இங்கே ஒரு குகையைக் காட்டுகிறார்கள், டாவ் கோ என்று பெயர். பதுக்கியது அங்கேதானா என்பது ஊரார் வழக்கு. ஆனால் வென்றது வரலாறு. நீர் எந்த நாழிகையில் ஏறும், எந்த நாழிகையில் வற்றும், எந்த மூலையில் சுழி, எந்த மூலையில் மணல்திட்டு, இவற்றை அந்தத் தளபதிக்குச் சொன்னது யார்? அரண்மனை சோதிடனா? கரையோரத்துப் படகோட்டியைத் தவிர வேறு யாருக்கு அது கைவந்திருக்கும்? அவன் பெயர் எந்த ஏட்டிலே இருக்கிறது?

டிராகனுக்குப் பெயர் உண்டு. தளபதிக்கும் உண்டு. படகோட்டிக்கு?

குகைக்குள் போனோம். சுங் சோட் என்று பெயர், வியப்பு என்று பொருள். 1901-இல் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரின் மொழிபெயர்ப்புதான் அது. ஆளை ஆள் இடிக்கும் வாயில் வழியே நுழைந்தால், உள்ளே ஒரு பெருமன்றம்! கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகள், தரையிலிருந்து முளைக்கும் கல் தூண்கள், எல்லாம் அதே துளியின் வேலை. அவற்றின்மேல் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளைப் போட்டு மிட்டாய்க் கடையாக்கி வைத்திருக்கிறார்கள், பாவம். வழிகாட்டிப் பெண் கோலால் சுட்டிக் காட்டினாள். இது ஆமை, அது யானை, அதோ அது புத்தர்! எப்படிப் பார்த்தும் நமக்குக் கல்லாகத்தான் தெரிந்தது. கல்லைக் காட்டிக் கைகூப்பச் சொல்வது நமக்கென்ன புதிதா? சிரித்தபடி நகர்ந்தோம்.

வெளியே வந்ததும் படகு வடகிழக்கே திரும்பியது. தூரத்திலே கரை. கரையிலே, 2006-இல் திறந்த பெரிய பாலம். அதற்கு அப்பால், பசுமலைகளுக்கு நடுவே, கறுப்பாக, படிப்படியாகச் செதுக்கியதுபோல் ஏதோ தெரிந்தது. "அது என்ன?" என்று கேட்டோம். "அது ஒன்றுமில்லை, நிலக்கரிச் சுரங்கம்" என்றாள் பெண்.

ஒன்றுமில்லையா! அந்தக் கரையின் பெயர் ஹோன் கை. அதற்குக் கிழக்கே காம் ஃபா. 1888-இல் பிரெஞ்சு முதலாளிகள் கம்பெனி அமைத்து அந்த மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். கரி போயிற்று கப்பல் கப்பலாக. தோண்டியவனுக்கு மிஞ்சியது இருமல். 1936 நவம்பர் 12-ஆம் நாள் காம் ஃபாவில் மூண்டது வேலைநிறுத்தம். அது ஹோன் கைக்குப் பரவிற்று. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், "கட்டுப்பாடும் ஒருமனமும்" என்ற முழக்கத்தோடு கருவியைக் கீழே வைத்தார்கள். கம்பெனி இறங்கி வந்தது, கூலி உயர்ந்தது. இன்றுவரை அந்த நாளைச் சுரங்கத் தொழிலாளர் நாளாகக் கொண்டாடுகிறார்கள் அங்கே. அதே ஹோன் கைமேல்தான், 1964 ஆகஸ்ட் 5-ஆம் நாள், வடவியத்நாம்மீது அமெரிக்க விமானங்கள் நடத்திய முதல் தாக்குதலில் குண்டு விழுந்தது. அன்று சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்ட விமானி எட்டு ஆண்டுக்கு மேல் சிறையிருந்தான். இவ்வளவும் அந்தக் கரையிலே. உலாப் படகின் ஒலிபெருக்கியிலே, "ஒன்றுமில்லை"!

கரி வெட்டுவது இன்னும் நடக்கிறது. அந்நாட்டு நிலக்கரியில் பெரும்பகுதி இந்த மாகாணத்துக் கரிதான். பாரம்பரியச் சின்னத்தின் வாசலிலே கரித்தூசி பறக்கலாமா என்று வெளிநாட்டுப் பயணிகள் முகம் சுளிக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் தம் விடுதியில் குளிர்ச்சிக் கருவியை ஓடவிட்டுவிட்டுச் சுளிக்கிறார்களே, அதுதான் நமக்குக் கொஞ்சம் கசக்கிறது.

டி டாப் தீவிலே இறக்கிவிட்டார்கள். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். மனிதர் பெயர்தான் அது. உலகை விண்ணிலே சுற்றிய இரண்டாவது மனிதர், சோவியத் வீரர் திதோவ். 1961-இல் விண்ணுக்குப் போனவர், 1962-இல் ஹோ சி மின்னோடு இந்தத் தீவுக்கு வந்தார். ஹோ சி மின் அவர் பெயரையே சூட்டிவிட்டார். நானூற்றுச் சொச்சம் படிகள். மூச்சு வாங்க ஏறி உச்சியில் நின்றோம். சொல்லத்தான் வேண்டும், தோழர்களே! நாலாபுறமும் நீலநீர், நீரிலே நூற்றுக்கணக்கில் பாறைகள், பாறைக்குப் பின்னால் பாறை, அதற்கும் பின்னால் மங்கலாக மற்றொன்று, கடைசியில் எது பாறை, எது மேகம் என்று தெரியாத ஒரு கலக்கம். அந்த நேரத்தில் நமக்கு எந்த வாதமும் தோன்றவில்லை. இதைக் காணும் வாய்ப்பு, சுரங்கத்தில் இறங்கி ஏறுகிறவனுக்கும் ஆலையில் நூல் முடிகிறவளுக்கும் கிட்ட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

மதியச் சோற்றுக்குப் பின் மூங்கில் படகு. லுவோன் குகை என்ற இடம். பெரிய படகு போக முடியாது. தாழ்ந்த கல் வளைவின் கீழே குனிந்து நுழைய வேண்டும். நுழைந்தால் சுற்றிலும் மதில்போல் பாறை, நடுவே அசையாத நீர், மேலே வட்டமாக வானம். துடுப்புப் போட்டவர் ஓர் அம்மையார். ஐம்பதைத் தாண்டிய வயது. தலையிலே கூம்புத் தொப்பி. நின்றபடி, உடலையே துடுப்பாக்கி உந்தினார். அப்படி உந்துவதை ஒரு பள்ளிக்கூடமும் கற்றுக்கொடுக்க முடியாது.

வழிகாட்டிப் பெண் அவரை "அத்தை" என்று அழைத்தாள். உறவா என்று கேட்டோம். இல்லையாம். வியத்நாமியரும் நம்மைப் போலத்தான், முன்பின் அறியாதவரையும் முறை வைத்தே அழைப்பார்கள். அந்தப் பெண்ணையே இடைநிறுத்திப் பேச வைத்தோம்.

அம்மையார் பிறந்தது குவா வான் என்ற மிதவை ஊரில். ஊர் என்றால் மண் இல்லாத ஊர். மிதவைமேல் வீடு, மிதவைமேல் பள்ளிக்கூடம், மீன் வளர்க்கும் கூண்டு வீட்டுக்கு அடியிலே, நாய் திண்ணையிலே! பாறைகள் சூழ்ந்த உள்மடிப்பு என்பதால் அலை அடங்கியிருக்கும். இப்படிப் பல ஊர்கள் இருந்தன இந்த விரிகுடாவுக்குள். 2014-இல் அரசு முடிவு செய்தது. முன்னூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் கரைக்கு மாற்றப்பட்டன, ஹா ஃபோங் என்ற இடத்தில் கட்டிய வீடுகளுக்கு.

இங்கே நாம் நிதானமாகப் பேச வேண்டும். "பாவம், கடல் மக்களைக் கரைக்குத் துரத்திவிட்டார்கள்" என்று இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுப் போவது எளிது. உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. புயல் அடிக்கும் கடல் அது. 2024 செப்டம்பரில் யாகி புயல் இந்தக் கரையில் மோதியபோது, துறையிலே கட்டிய பெரிய உலாப் படகுகளே மூழ்கின. மிதவை வீடு எம்மாத்திரம்! மருத்துவர் இல்லை. பிள்ளைகள் மேற்படிப்புக்குக் கரைக்குத்தான் வர வேண்டும். வீட்டுக் கழிவெல்லாம் நேரே கடலுக்குள். எழுத்தறியாப் பெரியவர்கள் நிறைய. படகிலேயே பிறந்து படகிலேயே சாக வேண்டும் என்பது எந்தத் தலைவிதி? விதி என்று சொல்லி மக்களை ஓரிடத்தில் கட்டிப்போடுவதை எதிர்த்தே பேசிப் பழகிய நாம், அந்த மாற்றத்தைக் குற்றம் என்று கூற மாட்டோம். அம்மையாரும் கூறவில்லை. "மகன் படித்தான், நல்லது. புயல் வந்தால் பயமில்லை, நல்லது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "தரை அசையவே மாட்டேன் என்கிறது. இரவிலே தூக்கம் வருவதில்லை."

சரி, கரைக்குப் போனவருக்குத் தொழில்? கடலைத் தவிர வேறொன்றும் கற்காத கைகள். ஆகவே விடிந்ததும் மறுபடி இங்கேயே வருகிறார், கூலிக்குத் துடுப்புப் போட. எந்த நீரிலே தன் படகிலே தான் விரும்பிய திசைக்குப் போனாரோ, அதே நீரிலே இன்று பிறர் படகிலே, பிறர் வகுத்த சுற்றிலே, பிறர் குறித்த நேரத்திலே! படகு ஒருவருடையது, சீட்டு இன்னொருவருடையது, துடுப்பு மட்டும் இவருடையது!

இங்கேதான் நாம் கேட்கிறோம். பாறை உடையக் கூடாது என்று சட்டம் போட்டார்கள், நல்லது. 2019 செப்டம்பரிலிருந்து படகுகளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டார்கள், மிக நல்லது. ஆனால் நீரேற்றத்தின் நாழிகை அறிந்த கை, காற்றின் வாடை கண்டு மழை சொல்லும் மூக்கு, இவை பாரம்பரியம் இல்லையா? மரபுச் சொத்து என்பது கல்லிலே மட்டுமா இருக்கிறது? உழைப்பாளர் அரசு என்று பெயர் சூட்டிக்கொண்ட நாட்டிலே, இந்த மக்களுக்குத் துடுப்பு மட்டும் போதும் என்று விட்டுவிடலாமா? சுக்கானைக் கொடுங்கள் என்கிறோம்! படகு வாங்கக் கடன் கொடுங்கள். அவர்கள் பிள்ளைகளை வழிகாட்டியாக்குங்கள். அந்த ஒலிபெருக்கியை ஒருநாள் அந்த அம்மையாரிடம் கொடுத்துப் பாருங்கள். டிராகன் கதையைவிட நல்ல கதை வரும்!

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. உயிருக்காகச் சொல்கிறோம். 2011 பிப்ரவரியில், டி டாப் தீவருகே நங்கூரமிட்டு நின்ற இரவுப் படகொன்று மூழ்கி 12 பேர் மாண்டனர். 2025 ஜூலை 19-ஆம் நாள், பிற்பகல். குடும்பம் குடும்பமாக ஹானோய் மக்கள் ஏறிய ஒரு படகு. ஆட்கள் 49. வானம் திடீரென்று கறுத்தது, சூறைக்காற்று சுழன்றடித்தது, படகு தலைகீழாகக் கவிழ்ந்தது. முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிள்ளைகள் பலர். கவிழ்ந்த படகுக்குள் சிக்கிய காற்றை மூச்சாகக் கொண்டு ஒரு சிறுவன் சில மணி நேரம் உயிரைப் பிடித்திருந்து மீட்கப்பட்டான். அந்தச் செய்தியைப் படித்தவர் யாருக்கு மறக்கும்?

காற்று திடீரென்று வந்தது என்கிறார்கள். வந்திருக்கலாம். எல்லாக் காற்றையும் முன்கூட்டி அறிந்துவிட எந்த மீனவனாலும் முடியாது. ஆனால் "இன்று வேண்டாம், திருப்பு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொன்னால் கேட்கும் முதலாளி வேண்டும். திருப்பியதற்காகக் கூலியை வெட்டாத ஏற்பாடு வேண்டும். கடலிலும் அப்படித்தான், சுரங்கத்திலும் அப்படித்தான்.

நாம் ஏறிய படகிலும் உயிர்காப்புச் சட்டை எங்கே என்று கேட்டோம். இருக்கைக்கு அடியிலே, கட்டிவைத்த மூட்டையாக இருந்தது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தோம். இரண்டு நிமிடம் பிடித்தது. அதுவும் அமைதியான கடலில், அவசரமில்லாத விரலால்! படகுக்காரரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் வந்து எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். யாரும் அதுவரை கேட்கவில்லை போலும்.

வெயில் சாய்ந்தது. படகு கரை நோக்கித் திரும்பியது. வழிகாட்டிப் பெண் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். உணவு எப்படி, குகை எப்படி, சேவை எப்படி என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். நிரப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலே ஒரு சிறு இயந்திரப் படகு எங்களைக் கடந்து போயிற்று. வேலை முடிந்து கரை திரும்பும் துடுப்புக்காரர்கள் அதிலே. "அத்தை!" என்று கைதட்டி அழைத்தாள் பெண். மற்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மையார் பார்க்கவில்லை. கூம்புத் தொப்பியை முகத்தின்மேல் சாய்த்துக்கொண்டு, அசையும் பலகையிலே, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.